கறுப்புக் காருக்கு இரவில் வெளிச்சம் தீட்டுவது

இருட்டில் நிற்கும் கறுப்புக் காரை நோக்கி கேமரா பக்கத்திலிருந்து டார்ச் அடித்தால், கார் தெரியாது. கதவில் டார்ச்சின் முகம்தான் வெள்ளைப் பொட்டாகத் தெரியும். பெயின்ட்டின் மேலுள்ள கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு ஒரு மங்கலான கண்ணாடி. அதன் ஒளிவிலகல் எண் சுமார் 1.5 என்பதால் நேராக விழும் ஒளியில் 4 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும். ஒளி சாய்ந்து விழ விழ அந்த விகிதம் ஏறும். உள்ளே போகும் மீதியைக் கறுப்பு நிறமி விழுங்கிவிடும். அதனால் கறுப்புக் காரின் மேல் வெளிச்சத்தைக் கொட்டிப் பயனில்லை. அதில் பிரதிபலிக்க நீளமான, சீரான ஒரு வெளிச்சம் வேண்டும்.

ஸ்டூடியோவில் காரைவிட நீளமான வெள்ளைத் துணிச் சட்டத்தை மேலே கட்டி, அதன்மேல் விளக்கடிப்பார்கள். வெட்டவெளியில் அந்த வேலையை ஒரு மீட்டர் எல்இடி பட்டை செய்துவிடும். கேமரா சென்சார் ஓர் உண்டியல் மாதிரி: ஷட்டர் மூடும்வரை விழுந்த ஒளியெல்லாம் சேர்ந்துகொண்டே இருக்கும். பட்டையைக் காரின் நீளத்துக்கு நகர்த்தினால், அது போன இடமெல்லாம் ஒன்றுசேர்ந்து ஒரே பெரிய விளக்காகப் பதிவாகும். கறுப்புச் சட்டையோடு நடப்பவர் மேல் வெளிச்சம் படாததால் அவர் பதிவாவதில்லை. 1914 வாக்கில் அமெரிக்காவின் கில்பிரெத் தம்பதி தொழிலாளர் கையில் சின்ன பல்பைக் கட்டி, அசைவுகளைக் கோடுகளாகப் படமெடுத்ததும் இதே முறையில்தான்.

கேமராவை முக்காலியில் வைத்து ஐஎஸ்ஓ (சென்சாரின் ஒளியுணர்வு) 100, லென்ஸ் துளை எஃப்/8, 30 விநாடி என்று தொடங்கலாம். முதலில் பட்டையை எரியவிடாமல் ஒரு படம் எடுங்கள். அது கிட்டத்தட்ட கறுப்பாக வர வேண்டும். பௌர்ணமி நிலவு தொல்லையில்லை, இந்த அளவில் அது சரியாகப் பதிய 4 நிமிடத்துக்கு மேல் ஆகும். தெருவிளக்குதான் வில்லன், சில விநாடிகளிலேயே படத்தை நிரப்பிவிடும். ஃபோகஸுக்கு நம்பர் பிளேட்டில் டார்ச் அடித்துப் பிடித்து, உடனே மேனுவலுக்கு மாற்றுங்கள். முக்காலியில் இருக்கும்போது லென்ஸின் ஸ்டெபிலைசேஷனை, அதாவது கை நடுக்கத்தைச் சமாளிக்கும் வசதியை, அணைப்பது நல்லது.

பட்டை 12 வோல்ட்டில் ஓடுவதாக, மீட்டருக்கு 120 எல்இடியாவது உள்ளதாக இருக்கட்டும். அலுமினிய சேனலில் பதித்து, மேலே பால்நிற மூடி போடுங்கள். மூடி இல்லாவிட்டால் ஒவ்வொரு எல்இடியும் தனிக் கோடு இழுத்து, பானட்டில் சீப்பு வாரியதுபோல் ஆகிவிடும்.

பட்டையை எப்படிப் பிடிக்கிறோம் என்பதில்தான் பெரிய வித்தியாசம் இருக்கிறது. காருக்குக் குறுக்காகப் பிடித்து முன்னிருந்து பின்னே நடந்தால் அகலமான ஒளிப்படலம் வரும். நீளவாக்கில் பிடித்து நடந்தால் மெல்லிய கோடு வரும்; காரின் தோள்பட்டை மடிப்பை, அதாவது ஜன்னலுக்குக் கீழே நீளமாக ஓடும் மடிப்பை, காட்ட இதுதான் தேவை. ஆனால் 1.5 செ.மீ. அகலப் பட்டை குறுக்காக இருக்கும்போது ஓர் இடத்தைச் சட்டென்று கடந்துவிடும். நீளவாக்கிலோ ஒரு மீட்டர் முழுவதும் கடக்க வேண்டும். அதே நடையில் வெளிச்சம் 60 மடங்குக்கு மேல், அதாவது 6 ஸ்டாப் ஏறும் (ஒரு ஸ்டாப் என்றால் இரு மடங்கு). குறுக்காக எஃப்/8 சரியாக இருந்தால், கோட்டுக்கு எஃப்/22 வரை துளையைச் சுருக்கி, டிம்மரையும் குறைக்க வேண்டும். விலை குறைந்த டிம்மர்கள் பட்டையை வேகமாக அணைத்து ஏற்றித்தான் மங்கவைக்கின்றன; குறுக்காகப் பிடித்து வீசினால் அது வரிக்குதிரைக் கோடுகளாகத் தெரியும். நீளவாக்கில் அந்தப் பயமில்லை.

தூரத்தைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். பட்டை தள்ளிப் போனால் அதன் பிம்பம் சிறுக்கும், ஆனால் அதே அளவுக்கு மெதுவாகவும் நகரும். பிரதிபலிப்பின் வெளிச்சத்தைத் தீர்மானிப்பது நடையின் வேகம். 4.5 மீட்டர் காரை 9 விநாடியில் கடக்கலாம். பம்பருக்கு ஒரு மீட்டர் முன்பே தொடங்கி, டிக்கியைத் தாண்டி நிறுத்துங்கள். நடுவில் தயங்கினால் அங்கே வெள்ளைத் திட்டு விழும். டயரும் தரையும் கண்ணாடியல்ல, ஒளியைச் சிதறடிப்பவை. அவற்றுக்குத் தூரம் முக்கியம். வெள்ளைக் காரும் அப்படித்தான், நடை பிசகினால் கோடாக இல்லாமல் அழுக்குத் திட்டாகத் தெரியும்.

பானட்டும் டாப்பும் வானத்தைப் பார்ப்பவை, பட்டையை அவற்றின் மேலே கொண்டுபோங்கள். கதவின் கீழ்ப்பகுதி பெரும்பாலும் உள்நோக்கி மடிந்து ரோட்டைப் பார்க்கும், அதனால் காருக்கு முன்னாலுள்ள தரையில் வெளிச்சம் அடித்தால்தான் அது உயிர்பெறும். பட்டையின் கேமரா பக்கத்தைக் கறுப்பு டேப்பால் மறைக்கவும். நேரடி வெளிச்சம் பிரதிபலிப்பைவிட 25 மடங்கு வரை அதிகம்.

எல்லாவற்றையும் ஒரே 30 விநாடியில் முடிக்க நினைப்பது வீண் பிடிவாதம். டாப், பக்கம், தரை, சக்கரம் என்று தனித்தனியே எட்டுப் பத்துப் படம் எடுத்து, ஃபோட்டோஷாப்பில் அடுக்கி லைட்டன் முறையில் சேர்த்தால், ஒவ்வொரு புள்ளியிலும் வெளிச்சமானது மட்டும் நிற்கும். ஹெட்லைட்டுக்குத் தனியாக ஒரு விநாடிப் படம், அதுவும் கடைசியில். அதைப் போடக் கதவைத் திறந்து உட்கார்ந்து எழுந்தாலே சஸ்பென்ஷன் சற்று வேறு உயரத்தில் நின்றுவிடும். அதன்பின் எடுக்கும் படம் எதுவும் முந்தையவற்றோடு பொருந்தாது.