கழுத்து வலிக்குக் கரண்ட் வைக்கும் முன் அறிய வேண்டியவை

மூன்று மாதங்களைக் கடந்தும் நீடிக்கும் கழுத்து வலியோடு பிசியோதெரபி பிரிவுக்கு வருகிறவர்களில் பலர், பரிசோதனையைத் தொடங்கும் முன்பே "கரண்ட் மட்டும் வைத்துவிடுங்கள், அதுவே போதும்" என்று கேட்கிறார்கள். முன்பு எங்கோ வைத்துக்கொண்டபோது கிடைத்த சுகம் அவர்கள் நினைவில் இருக்கிறது. அந்தச் சுகம் உண்மையானது. ஆனால் அந்த மின்னோட்டம் உடலில் எதைச் செய்கிறது, எதைச் செய்வதில்லை என்பதை யாரும் சொல்லாததால், மாதக்கணக்கில் வந்து படுத்து எழுந்து, வலி குறையாமலேயே திரும்பிப் போகிறவர்களைப் பார்க்கும்போது மிகவும் வருத்தமாக இருக்கிறது.

நம் ஊர்ச் சிகிச்சை மையங்களில் கழுத்துக்குப் பெரும்பாலும் இரண்டு கருவிகள் பயன்படுகின்றன. டென்ஸ் என்பது தோலில் ஒட்டிய பட்டைகள் வழியாக மிகக் குறுகிய மின் துடிப்புகளை நரம்புகளுக்கு அனுப்புவது. ஐஎஃப்டி என்பது ஏறத்தாழ 4,000 ஹெர்ட்ஸ் (நொடிக்கு 4,000 அதிர்வு) அளவில், ஒன்றுக்கொன்று சற்றே வேறுபட்ட இரண்டு மின்னோட்டங்களைக் குறுக்காகச் செலுத்தி, அவை சந்திக்கும் இடத்தில் அந்த வேறுபாட்டுக்குச் சமமான குறைந்த அதிர்வெண்ணை உண்டாக்குவது. அந்த அளவு அதிர்வெண்ணுக்குத் தோல் குறைவான தடையையே காட்டுவதால் ஐஎஃப்டி குத்தாமல் இதமாக இருக்கும். இதமாக இருப்பதாலேயே அது உள்ளே போய் எலும்பைச் சரிசெய்கிறது என்று பலர் நம்பிவிடுகிறார்கள்.

வலியைத் தணிக்க மின்சாரத்தை நாடுவது மிகப் பழைய வழக்கம். கி.பி. முதல் நூற்றாண்டிலேயே ரோமானிய மருத்துவர் ஸ்கிரிபோனியஸ் லார்கஸ், தீராத தலைவலிக்கு மின்திருக்கை மீனைத் தலையில் வைக்கும்படி எழுதியிருக்கிறார். அதற்கு அறிவியல் அடிப்படை கிடைத்தது 1965இல், ரொனால்டு மெல்சாக்கும் பேட்ரிக் வாலும் தங்கள் வாயிற்கதவுக் கோட்பாட்டை வெளியிட்டபோதுதான். தொடுதலையும் அழுத்தத்தையும் சுமக்கும் பருத்த நரம்பிழைகள் தூண்டப்பட்டால், மெல்லிய இழைகள் கொண்டுவரும் வலிச் செய்தி தண்டுவடத்திலேயே மட்டுப்படுத்தப்படுகிறது என்பது அதன் சாரம். இடித்துக்கொண்ட முழங்கையை நாம் நம்மையறியாமல் தேய்த்துவிடுவதும் இதே வழியில்தான் ஆறுதல் தருகிறது. 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வரையிலான துடிப்புகளை இந்த நோக்கத்தில் வைக்கிறோம். 2 முதல் 4 ஹெர்ட்ஸ் வரை, தசை மெல்லத் துடிக்கும்படி வைத்தால் உடல் தானே சுரக்கும் ஓபியாய்டு வகை (அபினைப் போல் செயல்படும்) வலிநீக்கிகள் வெளிப்படுகின்றன.

இந்த இரண்டு வழிகளுமே வலிச் செய்தியைத்தான் குறைக்கின்றன. தேய்ந்த டிஸ்க் வளர்வதில்லை. எக்ஸ்ரேயில் தெரியும் எலும்பு முளை கரைவதில்லை. சொல்லப்போனால், நாற்பது வயதைக் கடந்த, வலியே இல்லாத பலருக்கும் எக்ஸ்ரேயில் அதே 'தேய்மானம்' தெரியும் என்பதால், அந்தச் சொல்லைக் கேட்டு நீங்கள் அஞ்ச வேண்டியதும் இல்லை. நாள்பட்ட கழுத்து வலிக்கு டென்ஸ் எவ்வளவு உதவுகிறது என்று 2019இல், மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பு, 651 பேர் பங்கேற்ற 7 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்துவிட்டு, கிடைத்திருக்கும் சான்றின் உறுதி மிகவும் குறைவு என்றே முடிவுக்கு வந்தது. கரண்ட்டைத் தனிச் சிகிச்சையாக நம்பி மாதக்கணக்கில் பணம் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிறகு ஏன் வைக்கிறோம்? வலி தணிந்திருக்கும் சிறிது நேரத்தில், அதுவரை அசைக்கப் பயந்த கழுத்தை அசைக்க முடிகிறது என்பதற்காகத்தான். மல்லாந்து படுத்து, முகவாயை மெல்லக் கழுத்தை நோக்கி இழுத்து, சுமார் பத்து நொடி நிறுத்தும் பயிற்சி, கழுத்தின் முன்புற ஆழ்தசைகளுக்கு வலுவூட்டுகிறது. தோள்பட்டைக்குப் பின்னுள்ள தசைகளை ரப்பர் பட்டையால் வலுப்படுத்துவதும் அதற்கு இணையாக முக்கியம். இவற்றின் பலன் தெரிய ஆறு வாரமாவது ஆகும்; குனிந்தே தைக்கிறவர்களுக்கும் கணினி முன் நாள் முழுவதும் அமர்கிறவர்களுக்கும் வேலை செய்யும் உயரத்தையும் இடைவேளையையும் மாற்றாமல் அந்தப் பலன் நிலைப்பதில்லை. கரண்ட் வைத்து முடித்ததும் "வேலை இருக்கிறது" என்று பயிற்சியை விட்டுவிட்டுக் கிளம்புகிறவர்கள், அன்றைக்குக் கிடைத்த வாய்ப்பை அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள்.

வைக்கும் அளவும் முக்கியம். மின்னோட்டத்தின் குறுகுறுப்பு தோலில் தெளிவாக, வலுவாகத் தெரிய வேண்டும். ஆனால் வலிக்கக் கூடாது. தெரிந்தும் தெரியாமலும் இருக்கும் மின்னோட்டத்தால் பெரிய பயன் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டு தாங்குவதாலும் பயன் கூடுவதில்லை. நாள்தோறும் ஒரே அதிர்வெண்ணில், ஒரே அளவில் வைத்தால் உடல் அதற்குப் பழகி, தணிப்பு படிப்படியாகக் குறைந்துவிடும்.

இனி, என்னை மிகவும் கவலைப்பட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். இணையத்தில் வாங்கிய சிறு கருவிகளின் பட்டைகளைக் கழுத்தின் முன்புறத்திலும் பக்கவாட்டிலும் ஒட்டிக்கொள்கிறவர்களைப் பார்க்கிறேன். அங்கே தலைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் கரோட்டிட் தமனியின் அழுத்த உணரிகளும் குரல்வளையின் நரம்புகளும் இருக்கின்றன. அவை தூண்டப்பட்டால் இரத்த அழுத்தமும் இதயத் துடிப்பும் சட்டென்று இறங்கலாம், குரல்வளை இறுகலாம். பட்டைகளுக்கு உரிய இடம் பிடரியும் தோளின் மேற்பகுதியும்தான். பேஸ்மேக்கர் போன்ற கருவி உடலில் பொருத்தியவர்கள் தங்கள் இதய மருத்துவரைக் கேட்காமல் இதைத் தொடவே கூடாது. வலிப்பு நோய் உள்ளவர்களுக்குத் தலையிலும் கழுத்திலும் வைப்பதில்லை. புற்றுநோய் உள்ள இடத்திலும் வைப்பதில்லை. கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நீரிழிவால் உணர்ச்சி மங்கிய தோல் எவ்வளவு மின்னோட்டம் ஏறுகிறது என்பதைச் சொல்லாது என்பதால், வைக்கும் முன் கூர்மையும் மழுக்கமும் தெரிகிறதா என்று சோதிக்க வேண்டும்.

தைலமோ எண்ணெயோ தடவியிருந்தால் கழுவித் துடைத்த பிறகே பட்டை ஒட்ட வேண்டும். காய்ந்து ஓரம் தூக்கிய பட்டையில் மின்னோட்டம் ஓரிடத்தில் குவிந்து தோலைச் சுட்டுவிடும். தாலிச் சங்கிலியைக் கழற்ற மனமில்லாத பெண்கள் தயங்காமல் சொல்லலாம். உலோகம் படாத இடமாகப் பார்த்து வைக்க முடியும். கருவியோடு தூங்குவதும் வண்டி ஓட்டுவதும் ஆபத்து.

சில வலிகளுக்குக் கரண்ட் வைப்பது நோயை மறைத்துவிடும். சட்டைப் பொத்தானைப் போடக் கை தடுமாறுவது, கையிலிருந்து பொருள்கள் நழுவுவது, கால் பின்னி நடை தள்ளாடுவது, சிறுநீரை அடக்க முடியாமை ஆகியவை தண்டுவடம் நெருக்கப்படுவதைக் காட்டலாம். காய்ச்சல், காரணமில்லாத எடை இழப்பு, முன்பு வந்த புற்றுநோய், விபத்துக்குப் பின் தொடங்கிய வலி ஆகியவற்றோடு வருகிறவர்களை முதலில் மருத்துவரிடமே அனுப்புகிறோம். வியர்வையோடும் நெஞ்சு இறுக்கத்தோடும் கழுத்திலும் இடது கையிலும் பரவும் வலிக்கு உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போக வேண்டும். அது மாரடைப்பாக இருக்கலாம்.

இவை எதுவும் இல்லாதவர்களுக்கு நான் பின்பற்றும் வழக்கம் இது: முதல் நாளே கழுத்து எவ்வளவு திரும்புகிறது என்று அளந்து குறித்துக்கொள்கிறேன். இரண்டு வாரம் பயிற்சியோடு சேர்த்துக் கரண்ட் வைத்த பிறகு மீண்டும் அளக்கிறேன். மாற்றம் இல்லையென்றால் கரண்ட்டை நிறுத்திவிட்டு, வலியின் காரணத்தை முதலிலிருந்து ஆராய்கிறேன். மாற்றம் இருந்தால் கரண்ட்டைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுகிறேன். உங்களுக்குச் சிகிச்சை அளிப்பவரிடம் இந்த அளவைக் கேட்டுத் தெரிந்துகொள்ள உங்களுக்கு முழு உரிமை உண்டு.