புயல் சீசனில் கன்னியாகுமரியில் ரூம் போடுகிறீர்களா?

ஐப்பசி பிறந்துவிட்டால் எங்கள் ரிசப்ஷனில் போனை எடுத்ததும் வரும் முதல் கேள்வி, "படகு ஓடுதா?" அடுத்தது, "மழை பெரிசா இருந்தா அட்வான்ஸ் திரும்பக் கிடைக்குமா?" படகு விஷயம் அன்றன்று காலையில்தான் தெரியும். அட்வான்ஸ் விஷயம் நீங்கள் புக் செய்த அன்றைக்கே முடிவாகிவிட்டது. கேன்சல் விதியைப் படித்துப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுபவர்கள் குறைவு.

'48 மணி நேரத்துக்கு முன் கேன்சல் செய்தால் முழுப் பணமும் திரும்பும்' என்று போட்டிருந்தால் நல்ல விதி என்று தோன்றும். ஆனால் குமரி மாவட்டத்துக்கு அது அவ்வளவு உதவாது. அந்தமான் பக்கம் உருவாகும் புயல் கரைக்கு வர நாலைந்து நாள் ஆகலாம். யோசிக்க நேரம் இருக்கும். குமரிக்கடலை ஒட்டி உருவாவது அப்படியில்லை. 2017இல் ஒக்கி, நவம்பர் 29ஆம் தேதி இலங்கையின் தென்கிழக்குக் கரையை ஒட்டி வெறும் தாழ்வு மண்டலமாக இருந்தது. மறுநாளே புயலாகி இங்கே மரங்களையும் மின்கம்பங்களையும் சாய்த்துவிட்டது. எச்சரிக்கை வந்தபோது 48 மணி நேரக் கெடு எப்போதோ தாண்டியிருக்கும். அதனால் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வருபவர்களிடம் நான் சொல்வது, சில நூறு ரூபாய் கூடினாலும் 24 மணி நேரக் கெடு உள்ள ரூமை எடுங்கள். 'ஹோட்டலில் வந்து பணம் கட்டலாம்' என்றிருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கெடு பெரும்பாலும் செக்-இன் நேரத்திலிருந்துதான் கணக்கு. மதியம் 12 மணி செக்-இன் என்றால் முந்தைய நாள் மதியத்தோடு முடிந்தது. ராத்திரி செய்தி பார்த்துவிட்டுக் கூப்பிட்டால் தாமதம்தான்.

இதில் இன்னொரு சிக்கல், கார்த்திகை பிறந்ததும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் வந்துவிடும். சபரிமலை போய்விட்டு வருபவர்கள் பகவதி அம்மனையும் கும்பிட்டு, சூரிய உதயமும் பார்த்துவிட்டுத்தான் ஊர் திரும்புவார்கள். ரூம் தட்டுப்பாடு வரும் அந்த மாதங்களில்தான் லாட்ஜ்காரர்கள் 'அட்வான்ஸ் திரும்பத் தரப்படாது' என்று கறாராகிறார்கள். மழை அதிகமாகப் பெய்யும் மாதங்களும் அவைதான். வியாபாரம் அப்படி, நியாயமா என்று கேட்டால் எனக்கே முழுச் சம்மதமில்லை.

ரெட் அலர்ட் வந்தால் பணம் தானாகத் திரும்பும் என்று பலர் நம்புகிறார்கள். கிடையாது. ஹோட்டலே கதவை மூடிவிட்டது என்றால் முழுப் பணத்தையும் உரிமையோடு கேட்கலாம். தரமாட்டேன் என்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. ஹோட்டல் திறந்திருந்து நீங்கள் வர முடியவில்லை என்றால் கதை வேறு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஸ்ரீவைகுண்டத்தில் ரயிலே நின்றுபோனது நினைவிருக்கும். ரயில்வே ரத்து செய்த ரயிலுக்கு டிக்கெட் பணம் திரும்பிவிடும். ரூம் பணம் ஹோட்டல்காரரின் மனசைப் பொறுத்தது. டிக்கெட்டோடு சேர்ந்து வரும் ரயில் இன்சூரன்ஸ் விபத்துக்கு மட்டும்தான், ரூமுக்கு உதவாது. அப்புறம், விவேகானந்தர் பாறைக்குப் படகு ஓடவில்லை என்பதற்காக எந்த ஹோட்டலும் பணம் தராது. கடல் நீர்மட்டம் தாழ்ந்தாலே படகை நிறுத்திவிடுவார்கள், அதற்குப் புயல் வர வேண்டும் என்பதில்லை.

சரி, 'ரீஃபண்ட் இல்லை' என்று போட்டுத்தான் புக் செய்தாகிவிட்டது, என்ன செய்வது? கரூரிலிருந்து ஒரு குடும்பம், ஆப் வழியாக நாலு ரூம் போட்டிருந்தது. ஆரஞ்சு அலர்ட் வந்ததும் ஆப்பின் கஸ்டமர் கேரில் மணிக்கணக்காகக் கேட்டும் 'விதிப்படி முடியாது' என்றே பதில். பிறகு எங்களுக்கு நேரே போன் செய்தார்கள். ஹோட்டல் சம்மதித்தால் கேன்சல் கட்டணத்தை ஆப் விட்டுக்கொடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியாது. நாங்கள் சம்மதம் என்று மெயில் அனுப்பினோம், பணம் திரும்பியது. எல்லா ஹோட்டலும் செய்யும் என்று சொல்லமாட்டேன். ஆனால் செக்-இன் நேரத்துக்கு முன்பே கேட்க வேண்டும். சொல்லாமல் இருந்துவிட்டால் 'வரவில்லை' என்று சிஸ்டத்தில் பதிந்துவிடுவோம். அதற்குப் பிறகு மேனேஜர் நினைத்தாலும் மாற்றுவது கஷ்டம்.

பணத்தைத் திருப்பித் தரத் தயங்குபவர்கள்கூடத் தேதியை மாற்றித் தர ஒத்துக்கொள்வார்கள். நானும் பெரும்பாலும் அதையே கேட்கச் சொல்வேன். எத்தனை மாதத்துக்குள் வரலாம், அன்றைய வாடகை கூடுதலாக இருந்தால் வித்தியாசத்தை யார் கட்டுவது, இவை இரண்டையும் வாட்ஸ்அப்பில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். போனில் 'பார்த்துக்கலாம் சார்' என்று சொன்னவர் நீங்கள் வரும்போது அந்த வேலையில் இல்லாமல் போகலாம்.