மம்மி: தாரிலிருந்து வந்த பெயர்

தமிழில் 'மம்மி' என்று எழுதினால் முதலில் நினைவுக்கு வருபவர் அம்மாதான். ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் ஒரே எழுத்துதான். ஆனால் வேர் வேறு. அம்மாவைக் கூப்பிடும் மம்மி குழந்தையின் மழலையில் பிறந்த சொல். எகிப்தியக் கல்லறைக்குள் துணி சுற்றிக் கிடக்கும் மம்மி பாரசீகத்திலிருந்து வந்தது.

பாரசீக மொழியில் 'மூம்' என்றால் மெழுகு. அதிலிருந்து 'மூமியா'. மலைப்பாறை இடுக்கில் கசியும் ஒருவகைக் கருநிறக் கீலுக்கு அந்தப் பெயர். நூல்களில் நிலக்கீல் என்பார்கள், தெருவில் நமக்கு அது தார். எலும்பு முறிவுக்கும் காயத்துக்கும் அது மருந்து என்று பாரசீக, அரபு வைத்தியர்கள் நம்பினார்கள். நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் சிலாஜித்தை நடு ஆசியாவில் இன்றும் 'முமியோ' என்றுதான் சொல்கிறார்கள்.

அசல் மூமியா அரிது, விலையும் அதிகம். எகிப்தியப் பிணங்களைப் பிரித்தவர்கள் உள்ளே கறுத்து இறுகிக் கிடந்த பொருளைக் கண்டு இதுவும் மூமியாதான் என்று எடுத்துக்கொண்டார்கள். 1200ஆம் ஆண்டுவாக்கில் எகிப்தில் இருந்த பாக்தாத் மருத்துவர் அப்துல் லத்தீஃப், பிணங்களின் உள்ளிருந்து எடுத்த மூமியா விற்கப்பட்டதைப் பற்றி எழுதியிருக்கிறார். உண்மையில் அதில் பெரும்பாலானது மரப்பிசினும் எண்ணெயும் காலப்போக்கில் கறுத்த கலவை. பிற்காலத்து உடல்கள் சிலவற்றில்தான் தாரும் கலந்திருந்தது.

அப்புறம் பெயர் தாரிலிருந்து பிணத்துக்குத் தாவிவிட்டது. ஐரோப்பாவில் மருந்துக் கடைகளில் 'மூமியா' கேட்டால் பிணத்தூள் கொடுத்தார்கள்! காய்ச்சலிலிருந்து காயம் வரை எல்லாவற்றுக்கும் அதை விழுங்கினார்கள். பிரெஞ்சு அறுவை மருத்துவர் ஆம்ப்ருவாஸ் பாரே 1582இல் இதைக் கண்டித்து எழுதியும் வியாபாரம் உடனே நிற்கவில்லை. ஓவியர்களுக்கு 'மம்மி பழுப்பு' என்றொரு சாயம்கூட இருந்தது.

சரி, எகிப்தியர்கள் தாங்கள் அதை என்னவென்று அழைத்தார்கள்? 'சாஹ்'. அந்தச் சொல்லுக்கு மேன்மை, உயர் தகுதி என்றும் பொருள் உண்டு. நாம் தார் என்கிறோம், அவர்கள் பெருந்தகை என்றார்கள்.

இதே துறையின் மற்றச் சொற்களும் பெரும்பாலும் வெளியார் வைத்தவைதான். கல் சவப்பெட்டிக்குப் புழங்கும் 'சார்கோஃபேகஸ்' கிரேக்கச் சொல், பொருள் 'சதை தின்னி'. இன்றைய துருக்கியில் இருந்த அசோஸ் நகரத்துக் கல் ஒன்று பிணத்தை விரைவில் கரைத்துவிடும் என்ற நம்பிக்கையில் வந்த பெயர். உடல் கரையவே கூடாது என்று பாடுபட்ட மக்களின் பெட்டிக்கு இப்படி ஒரு பெயர். எகிப்தியர்கள் சொன்னது 'நெப் அன்க்', அதாவது வாழ்வின் தலைவன். இறந்தவருடன் கல்லறையில் வைத்த மந்திரத் தொகுப்பான 'இறந்தோர் நூல்' என்பதும் ஜெர்மானிய அறிஞர் லெப்சியஸ் 1842இல் வைத்த தலைப்பு. மூலத் தலைப்பின் பொருள் 'பகலில் வெளிவருதல்'.

பகலில் ஏன் வெளிவர வேண்டும்? அவர்கள் நம்பிக்கையின் மையமே இங்கேதான் இருக்கிறது. நாம் உயிர் என்று ஒரே சொல்லில் முடிப்பதை அவர்கள் பலவாகப் பிரித்தார்கள். 'கா' என்பது உயிராற்றல், அதற்குச் சாவுக்குப் பின்னும் சோறும் நீரும் படைக்க வேண்டும். 'பா' மனிதத் தலையுள்ள பறவை. பகலில் கல்லறையைவிட்டுப் பறந்து திரியும், இரவில் உடலுக்குத் திரும்பும். திரும்பி வந்து அடைய உடல் வேண்டுமே! உடல் அழுகிவிட்டால் பாவுக்கு வீடில்லை. அதனால்தான் இவ்வளவு பாடு. இதைப் பலர் 'மறுபிறவிக்காக உடலைப் பாதுகாத்தார்கள்' என்று எழுதுகிறார்கள். அது நம் கண்ணாடி வழியே பார்ப்பது. இன்னொரு கருவில் பிறப்பது பற்றிய பேச்சே அங்கில்லை. இதே ஆள், இதே பெயருடன் மறுமையில் தொடர்ந்து வாழ வேண்டும் என்பதுதான் ஆசை.

உடலைக் கெடாமல் ஆக்கும் வேலை மொத்தம் 70 நாள். மூளையை மூக்கு வழியே எடுத்து எறிந்துவிடுவார்கள், அதற்கு மதிப்பில்லை. நினைவும் அறிவும் நெஞ்சில் இருப்பதாக நம்பியதால் இதயத்தை உள்ளேயே விட்டார்கள். மறுமையில் தராசின் ஒரு தட்டில் இதயம், மறு தட்டில் மாஅத் என்னும் வாய்மைத் தெய்வத்தின் இறகு. அந்த நேரத்தில் 'எனக்கு எதிராகச் சாட்சி சொல்லாதே' என்று தன் இதயத்தையே கெஞ்சும் மந்திரம் ஒன்று உண்டு. ஈரல், நுரையீரல், இரைப்பை, குடல் நான்கும் தனித்தனிச் சாடிகளில் போகும். இந்தச் சாடிகளைத் தமிழில் தாழி என்று எழுதுவதைத் தவிர்க்கலாம். தாழி என்றதும் நமக்கு முதுமக்கள் தாழி நினைவுக்கு வரும், அது வேறு வழக்கம். 'உறுப்புச் சாடி' போதும்.

பிறகு உடலை நேட்ரான் உப்பில் புதைத்துச் சுமார் 40 நாள் உலர வைப்பார்கள். கெய்ரோவுக்கு வடமேற்கே வாடி நட்ரூன் பள்ளத்தாக்கில் கிடைக்கும் உப்பு அது. சோடியத்துக்கு 'நேட்ரியம்' என்ற லத்தீன் பெயர் வந்ததும் அதன் வழியாகத்தான். உலர்ந்தபின் எண்ணெய், பிசின், மெல்லிய லினன் துணிச் சுற்று. கி.மு. 1213இல் இறந்த எகிப்திய அரசர் இரண்டாம் ரமேசஸின் மூக்குக்குள் மிளகு வைத்திருந்தார்கள். மிளகின் தாயகம் நம் மேற்குத் தொடர்ச்சி மலை. எத்தனை கை மாறி அங்கே போயிற்றோ!

இனி தமிழ்ச் சொல். 'பதனிட்ட உடல்' என்றால் தோல் தொழிற்சாலை வாடை அடிக்கிறது. 'பதப்படுத்திய உடல்' பிழையில்லை, ஆனால் மாம்பழக்கூழையும் அப்படித்தான் சொல்கிறோம். 'பாடம் செய்த உடல்' புழக்கத்தில் இருக்கிறது. புகையிலையையும் அந்நாளில் வேட்டையாடிய புலியின் தோலையும் பாடம் செய்வார்கள் என்பதால் கெடாமல் காத்தல் என்ற பொருள் அதில் தெளிவு. தமிழ் விவிலியம் இன்னொரு வழி காட்டுகிறது. ஆதியாகமம் 50ஆம் அதிகாரத்தில் யோசேப்பு எகிப்தில் இறந்த தன் தந்தைக்குச் 'சுகந்தவர்க்கமிட' வைத்தியர்களுக்குக் கட்டளையிடுகிறான். 40 நாள், 70 நாள் என்ற கணக்கும் அங்கேயே வருகிறது. அழகான சொல்தான், ஆனால் வாசனைத் திரவியத்தை மட்டும் சொல்லி உப்பை விட்டுவிடுகிறது.

உப்பை விடாதவர் கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ். எகிப்தியர் செய்த இந்த வேலைக்கு அவர் கையாண்ட கிரேக்க வினைச்சொல், மீனை உப்பிட்டு வைப்பதற்கும் உரியதே. நம் ஊர்ப் பேச்சில், கருவாடு போடுவது. செய்முறையை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. ஆனால் அரசரை அப்படிச் சொல்ல நமக்கு வாய் வராது.

அன்றாட எழுத்துக்கு 'மம்மி' இருக்கட்டும், எல்லாருக்கும் புரிகிறது. செய்முறையை விளக்கும் இடத்தில் 'பாடம் செய்த உடல்' என்று எழுதலாம். 'சாஹ்' என்பதன் பொருளுக்கு நெருங்கிவர வேண்டுமென்றால் நம் மரண அறிவித்தல்களில் பெயருக்கு முன்னால் போடும் சொல்லையே எடுத்துக்கொள்ளலாம்: 'அமரர்'. அதன் நேர்ப்பொருள் சாகாதவர்.