வடிகாலுக்கு மூச்சு விட நேரம் தரும் பள்ளம்

ஒரு சதுர மீட்டரில் ஒரு மில்லிமீட்டர் மழை பெய்தால் ஒரு லிட்டர் தண்ணீர். 100 சதுர மீட்டர் மொட்டை மாடியில் அரை மணி நேரத்தில் 20 மி.மீ. கொட்டினால் 2,000 லிட்டர். மண்தரை என்றால் பெரும்பகுதியை மண்ணே குடித்துவிடும். கான்கிரீட்டிலிருந்து ஏறக்குறைய அத்தனையும் சில நிமிடங்களில் தெருவுக்கு வந்துவிடும். தெருவின் எல்லா மாடிகளும் ஒரே நேரத்தில் இப்படிக் கொட்டும்போதுதான் வடிகால் திணறுகிறது. அதே தண்ணீர் ஆறு மணி நேரத்தில் சாவகாசமாக வந்தால் அதே குழாய் அலட்டிக்கொள்ளாமல் கடத்திவிடும்.

அந்தத் தாமதத்தை உண்டாக்குவதுதான் பசுமைக் கட்டமைப்பின் வேலை. பெயர்தான் பெரிது. கூரைத் தோட்டம், நீர் புகும் தளம் (மழைநீரைத் துளைகள் வழியே கீழே இறங்க விடும் தரை) எல்லாம் இதில் சேரும். எனக்குப் பிடித்தது மழைத்தோட்டம். 1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உருவெடுத்த யோசனை இது.

மேலே பார்த்தால் செடிகள் நிறைந்த, ஒரு சாண் ஆழப் பள்ளம். சாலையோரக் கல்வரிசையில் விட்ட இடைவெளி வழியே தண்ணீர் உள்ளே இறங்கும். வேகத்தை உடைக்க வாயிலிலேயே கூழாங்கற்கள் கிடக்கும். கீழே இரண்டு மூன்று அடிக்கு மண்கலவை: பாதிக்கு மேல் மணல், கொஞ்சம் மட்கிய இலை. களிமண் கூடினால் குளமாகிவிடும். வெறும் மணலாக இருந்தால் செடி பிழைக்காது, அழுக்கும் வடிகட்டப்படாது. செடியைத் தேடித்தேடி வாங்கிவிட்டு மண்ணில் கோட்டை விட்டால் எல்லாம் வீண். அதற்கும் கீழே ஜல்லி, ஜல்லிக்குள் துளையிட்ட குழாய். நிலத்துக்குள் இறங்காத மிச்சம் அதன் வழியே மெல்லப் பழைய வடிகாலுக்குப் போகும்.

மழையின் முதல் தண்ணீரில்தான் அழுக்கு அதிகம்: எண்ணெய், டயர்த் துகள், பிரேக்கிலிருந்து உதிர்ந்த செம்பு. உலோகங்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே தங்கிவிடும். எண்ணெயை நுண்ணுயிர்கள் தின்னும். வேர்கள் செத்து மட்கிய இடங்களில் நுண்துளைகள் உண்டாவதால் நீர் இறங்கும் வழி எளிதில் அடைபடுவதில்லை. நீர் புகும் தளத்துக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. தூசி அடைத்துக்கொண்டால் இயந்திரம் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும்.

சரி, கொசு வராதா? முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம் ஆகும். ஒழுங்காக அமைத்த பள்ளம் ஓரிரு நாளில் வடிந்துவிடும்.

பேய்மழைக்கு இது போதாது. 2011 ஜூலையில் டென்மார்க்கின் தலைநகர் கோபன்ஹேகனில் சில மணி நேரத்துக்குள் 100 மி.மீ.க்கு மேல் கொட்டியது. அந்த அளவுக்கு ஒரு சாண் பள்ளம் சீக்கிரமே நிரம்பி வழிந்துவிடும். அதன்பின் அந்த நகரம் சில பூங்காக்களைத் தாழ்வாக அமைக்கத் தொடங்கியது, அத்தகைய நாளில் தண்ணீர் தேங்குவதற்கென்றே.