மாடி ஏற்றும் முன் அஸ்திவாரத்தைத் தோண்டிப் பாருங்கள்

மறுபடியும் அதே கோரிக்கை. புறநகரில் ஓர் ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி. சுற்றிலும் மனைப்பிரிவுகள் வந்து குடும்பங்கள் குடியேறிவிட்டன. பிள்ளைகள் பெருகிவிட்டார்கள், ஒரு வகுப்பு வராந்தாவில் நடக்கிறது. நன்கொடை தர ஒருவர் தயாராக இருக்கிறார். "கீழ்க் கட்டடம் கல்லு மாதிரி இருக்கு சார். மேல ரெண்டு ரூம் போட்டுக்கறோம், நீங்க உறுதிச் சான்று மட்டும் கொடுத்துடுங்க." வரைபடம் கேட்டால் இல்லை. அஸ்திவாரம் எத்தனை அடி என்று கேட்டால் யாருக்கும் தெரியவில்லை. கையெழுத்துப் போட மாட்டேன் என்றால், பிள்ளைகள் படிப்பைக் கெடுக்கிறேன் என்ற பழி.

அவர்களுடைய தேவை நியாயமானது. ஓசூர், திருப்பூர், சென்னைப் புறநகர் என்று எங்கே பார்த்தாலும் ஊர் வளர்கிற வேகத்துக்குப் பள்ளிக்கூடம் வளரவில்லை. கொரோனாவுக்குப் பிறகு தனியார் பள்ளிகளிலிருந்து அரசுப் பள்ளிக்கு மாறிய பிள்ளைகளும் ஏராளம். நிலம் கிடைக்காது, விளையாட்டுத் திடலையும் விட்டுக்கொடுக்கக் கூடாது. அப்படியானால் மேலேதான் போக வேண்டும். போகலாம். ஆனால் அதைத் தாங்கும்படி கீழே கட்டியிருக்க வேண்டும்.

என்னை மிகவும் சோர்வடைய வைக்கும் வாதம் ஒன்று உண்டு. "சின்னப் பசங்கதானே சார், அவங்க எடை என்ன வந்துடப்போகுது?" கொஞ்சம் கணக்குப் போடுவோம். 20க்கு 20 அடி வகுப்பறை ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். 40 பிள்ளைகள், ஆளுக்கு 30 கிலோ என்றால் மொத்தம் 1,200 கிலோ, அதாவது ஒன்றேகால் டன்கூட இல்லை. ஆனால் 12 சென்டிமீட்டர் கனத்தில் போடும் கான்கிரீட் தளம் மட்டுமே 11 டன். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர், பத்தடி உயரத்துக்கு எழுப்பினால், ஒரு மீட்டர் நீளத்துக்கே ஏறக்குறைய 1.4 டன். நான்கு பக்கமும் சேர்த்து, கதவு ஜன்னல் போக 25 டன்னுக்கு நெருங்கிவிடும். மொட்டை மாடியில் வெயிலுக்கும் மழைக்கும் போடும் செங்கல் ஜல்லி, ஓடு எல்லாம் தனி. ஆக, ஓர் அறை ஏற்றினால் 40 டன்னைக் கீழே இருக்கும் சுவரின் தலையில் வைக்கிறீர்கள். பிள்ளைகள் ஒருவரும் வராத ஞாயிற்றுக்கிழமையும் அந்த எடை அங்கேயே உட்கார்ந்திருக்கும்.

பிள்ளைகளின் எடையையும் அலட்சியமாக நினைக்க முடியாது. மணி அடித்ததும் மொத்தப் பள்ளியும் ஒரே நேரத்தில் வராந்தாவிலும் படிக்கட்டிலும் வந்து நிற்கும். அதனால்தான் வகுப்பறைக்குச் சதுர மீட்டருக்குச் சுமார் 300 கிலோ, வராந்தாவுக்கு 400 கிலோ என்று இந்தியத் தர விதிகள் கேட்கின்றன. வீட்டு அறைக்கு 200 போதும். வீடு கட்டிப் பழகிய மேஸ்திரியின் கைக்கணக்கு இங்கே உதவாது என்பது இதிலிருந்தே தெரியும்.

"முப்பது வருஷமா நிக்குதே சார்" என்பது அடுத்தது. நிற்கிறது, தன் எடையைத் தாங்கிக்கொண்டு. அதன் மேல் இன்னொரு கட்டடத்தை வைத்து யாரும் பார்த்ததில்லையே! பழைய பள்ளிகளில் பெரும்பாலும் தூண் கிடையாது, சுவர்தான் தாங்குகிறது. அந்தச் சுவருக்குத் தோண்டிய வானம், அதாவது அஸ்திவாரக் குழி, ஒற்றைத் தளத்துக்கு, சில இடங்களில் வெறும் ஓட்டுக் கூரைக்கு. நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் கரிசல் மண்ணாக இருந்தால் கேட்கவே வேண்டாம்.

இன்னொன்று, தூண் வைத்துக் கட்டிய இடங்களில் "அப்புறம் மாடி எடுக்கலாம்" என்று மொட்டை மாடியில் கம்பியை நீட்டி விட்டிருப்பார்கள். பல வருடம் மழையில் நனைந்து செதில் செதிலாக உதிரும் அந்தக் கம்பியிலேயே புதுக் கம்பியைக் கட்டுவார்கள். வேண்டாம். நீட்டி விடுவதானால் அன்றைக்கே சிமெண்ட் குறைவாகச் சேர்த்த மெலிந்த கான்கிரீட் போட்டு மூடி வையுங்கள்.

கூரையில் காரை பெயர்ந்து கம்பி தெரிந்தால் பூசி வெள்ளையடிப்பதையும் நிறுத்துங்கள். துரு உள்ளேயே வேலை செய்துகொண்டிருக்கும். பார்வையிட வரும் பொறியாளருக்கு விரிசல் கண்ணில் படாமல் போவதுதான் அதனால் கிடைக்கும் ஒரே பலன்.

2021 டிசம்பர் 17 அன்று நெல்லையில் அரசு உதவிபெறும் பள்ளி ஒன்றில் மூன்று மாணவர்கள் இறந்தார்கள். இடிந்தது வகுப்பறை இல்லை, கழிப்பறைச் சுவர். அதன் பிறகு மாநிலம் முழுக்கப் பள்ளிக் கட்டடங்களைச் சோதித்தார்கள், பழுதானவற்றை இடித்தார்கள். பேராசிரியர் அன்பழகன் பள்ளி மேம்பாட்டுத் திட்டத்தை, ஐந்தாண்டுகளில் 7,000 கோடி ரூபாய் என்று 2022இல் அறிவித்தார்கள். இவ்வளவுக்குப் பிறகும் ஆய்வுக்குப் போனால் என்னை நேராக வகுப்பறைக்குத்தான் கூட்டிப்போகிறார்கள். கழிப்பறை, சுற்றுச்சுவர், சத்துணவுக் கூடம், தண்ணீர்த் தொட்டி வைத்த மேடை எல்லாவற்றையும் காட்டுங்கள், தயவுசெய்து.

தலைமையாசிரியர்களின் தயக்கம் எனக்குப் புரியாமல் இல்லை. "பழுது என்று எழுதினால் இடித்துவிடுவார்கள், புதியது எப்போது வரும்?" என்பது உண்மையான பயம். பிள்ளைகள் மரத்தடிக்கு வந்துவிடுவார்கள், அடுத்த வருடம் சேர்க்கை குறையும். அதற்காக விரிசலை மறைக்காதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் இடிப்பதற்குப் போடும் தீர்மானத்திலேயே மாற்று இடம், வாடகை, புதிய கட்டடத்துக்கான மதிப்பீடு மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். பெற்றோர்கள் கையெழுத்துப் போடுங்கள், நகலைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேலே கட்டியே ஆக வேண்டும் என்றால் சுவர் ஓரமாக இரண்டு மூன்று இடங்களில் தோண்டி அஸ்திவாரத்தைப் பார்க்கச் சொல்லுங்கள், மண் பரிசோதனை செய்யுங்கள், கான்கிரீட்டைக் கருவி வைத்துச் சோதியுங்கள். மொத்தக் கட்டடச் செலவில் இது சிறு தொகை, நன்கொடையாளரிடம் முதலில் இதைக் கேளுங்கள். தாங்காது என்று முடிவு வந்தால் அதே பணத்தில் பக்கத்தில் தூண் போட்டு, இரண்டு மாடிக்கான அஸ்திவாரத்தோடு இப்போதைக்குத் தரைத்தளம் மட்டும் கட்டுங்கள்.

இடிப்பதானால் கோடை விடுமுறையில் இடியுங்கள். மின் இணைப்பைத் துண்டித்து, சுற்றிலும் தகரம் அடித்துவிட்டு ஆரம்பியுங்கள். பாதிச் சுவரை நிற்க விட்டுப் போகிற ஒப்பந்தக்காரருக்கு, அதையும் இறக்கி முடிக்கும்வரை பணம் கொடுக்காதீர்கள்.