கடைசி வரியில் ‘முடிந்தது’ என்று இருந்தது

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத் தோட்ட அலுவலகங்களுக்குக் கணினி வேலைக்குப் போகிறவன் நான். ஒரு செம்பனைத் தோட்டத்தில், லோரிகளின் எடைச்சீட்டுகளை இரவுதோறும் வேறொரு வட்டுக்கு நகலெடுக்க ஆர்சிங்க் கட்டளையை வைத்து ஸ்கிரிப்ட் (தானே ஓடும் கட்டளைத் தொகுப்பு) எழுதிக் கொடுத்திருந்தேன். காலையில் கிராணி, அதாவது தோட்டத்து எழுத்தர், வந்து பார்க்கும்போது, திரை முழுக்கக் கோப்புப் பெயர்கள் ஓடிக் கிடக்கும். கடைசி வரியில் ‘முடிந்தது’ என்றிருக்கும்.

“எவ்வளவு ஓடியிருக்கிறது பாருங்கள் தம்பி!” என்பார். எனக்கும் பெருமைதான்.

பழைய கணக்கு தேவைப்பட்டபோது, நகலில் ஒரு மாதத்துச் சீட்டுகள் இல்லை. அந்த மாதக் கோப்புறையைப் படிக்க ஸ்கிரிப்டுக்கு அனுமதியே இல்லை. அதைச் சொன்ன பிழைவரி ஒவ்வொரு இரவும் வந்திருக்கிறது, ஆயிரக்கணக்கான பெயர்களுக்கு நடுவில்.

யூனிக்ஸ், லினக்ஸ் இயங்குதளக் கட்டளைகள் இரண்டு வழிகளில் பேசுகின்றன. சாதாரண வெளியீடு 1ஆம் எண் வழி. பிழைச் செய்தி 2ஆம் எண் வழி. திரையில் இரண்டும் கலந்துவிடுகின்றன. கட்டளையின் இறுதியில் ‘> ஓட்டம் 2> பிழை’ என்று எழுதினால் தனித்தனிக் கோப்புகளுக்குப் போகும். பிழைக் கோப்பு காலியாக இருக்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. இரண்டும் ஒரே கோப்பில் வேண்டுமென்றால் ‘> ஓட்டம் 2>&1’. இதையே முன்பின்னாக மாற்றி எழுதினால் பிழைகள் திரையிலேயே நின்றுவிடும். நானே இதில் பலமுறை இடறியிருக்கிறேன்.

அப்படியானால் ‘முடிந்தது’ எங்கிருந்து வந்தது? திரையிலும் கோப்பிலும் ஒருசேரத் தெரியட்டும் என்று வெளியீட்டை ‘டீ’ கட்டளைக்குக் குழாய்வழி (ஒரு கட்டளையின் வெளியீட்டை அடுத்ததற்கு ஊட்டும் வழி) அனுப்பியிருந்தேன். குழாயில் கடைசிக் கட்டளையின் முடிவைத்தான், கட்டளைகளை இயக்கும் நிரலான ஷெல் கணக்கில் எடுக்கும். ஆர்சிங்க் பாதி நகலுக்குரிய 23 என்ற முடிவு எண்ணைத் திருப்பியது. ‘டீ’ தன் வேலையை ஒழுங்காகச் செய்து 0, அதாவது வெற்றி, என்றது. ஸ்கிரிப்டும் அதை நம்பியது. என் ஸ்கிரிப்ட் ஓடுவது பேஷ் என்ற ஷெல்லில்; அதன் தலைப்பில், குழாயில் எந்தக் கட்டளை தோற்றாலும் தோல்வி என்று சொல்ல வைக்கும் ‘செட் -ஓ பைப்ஃபெயில்’ என்ற ஒரு வரி இருந்திருந்தால் அன்றே தெரிந்திருக்கும்.

எரிச்சலில் எல்லாவற்றையும், எதைப் போட்டாலும் காணாமல் போகும் ‘டெவ்/நல்’லுக்குத் தள்ளுகிறவர்களும் உண்டு. நோயாளியின் வாயைக் கட்டிவிட்டு வைத்தியம் பார்ப்பதுபோல அது. இன்னொன்று: இப்படி வெளியீட்டைச் சேர்த்துச் சேர்த்து வட்டை நிரப்பும் பதிவுக் கோப்பை அழித்தாலும், அதைத் திறந்து வைத்திருக்கும் நிரல் ஓடும்வரை இடம் திரும்பாது. கோப்பை அழிக்காமல் உள்ளடக்கத்தை மட்டும் காலி செய்யுங்கள்.

திருத்திய ஸ்கிரிப்டில், கோப்புப் பெயர்களைக் காட்டச் சொல்லும் ‘-வி’யை எடுத்துவிட்டேன். மறுநாளே கிராணி அழைத்தார்: “ஒன்றுமே ஓடவில்லையே, கெட்டுவிட்டதா?” அவருக்காக ஒரு வரி சேர்த்தேன்: நேற்றைய தேதியில் நகலில் உள்ள சீட்டுகளின் எண்ணிக்கை. இப்போது லோரிப் பதிவேட்டை விரித்து வைத்து, அந்த எண்ணோடு ஒப்பிட்ட பிறகுதான் தேநீர் குடிக்கப் போகிறார்.