"நான் குடிக்கவே மாட்டேன் சார்!"

போனும் கையுமாக ஓட்டி மோதியவரிடம் விசாரித்தால் முதலில் வருவது இந்த வாக்கியம்தான். ஊதச் சொன்னால் தாராளமாக ஊதுவார். கருவி பூஜ்யம் காட்டும், தலை நிமிர்ந்துவிடும். அடுத்தது மட்டும் கொஞ்சம் தணிந்த குரலில் வரும்: "ஒரு செகண்ட்தான் சார் பார்த்தேன்." இரண்டையும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துவிட்டது.

அந்த ஒரு செகண்டை அளந்து பார்த்துவிட்டார்கள். அமெரிக்காவில் வர்ஜீனியா டெக் போக்குவரத்து ஆய்வு நிறுவனம் லாரிகளுக்குள்ளேயே கேமரா வைத்து ஓட்டுநர்களின் கண்ணைக் கவனித்து, 2009இல் முடிவை வெளியிட்டது. மெசேஜ் அடிப்பவரின் கண் ஆறு விநாடியில் 4.6 விநாடி சாலையில் இல்லை. மோதலோ, மயிரிழையில் தப்புவதோ நேரும் வாய்ப்பு 23 மடங்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி 4.6 விநாடியில் 77 மீட்டர் கடந்துவிடும். ஆறு மாநகரப் பேருந்துகளை முட்டுக்கு முட்டு நிறுத்தினாலும் அவ்வளவு நீளம் வராது. அத்தனை தூரத்தையும் கண்ணை மூடிக்கொண்டு கடப்பதற்குச் சமம் இது. அதுவும் நம் ஊர்ச் சாலையில்! மீடியன் இடைவெளியில் திடீரென்று திரும்பும் ஆட்டோ, ராங் சைடில் ஏறி வரும் டூவீலர், நடுரோட்டில் அசைபோடும் மாடு என்று எல்லாமே அந்த 77 மீட்டருக்குள்தான் இருக்கும்.

விபத்து நடந்த இடத்தில் முதலில் தேடுவது தார் மேல் பிரேக் தடம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பிரேக் உள்ள வண்டிகளில் தடம் மங்கலாகத்தான் விழும், அதை மட்டும் நம்ப முடியாது என்பது வேறு விஷயம். மெசேஜ் பார்த்துக்கொண்டே மோதியவர் பெரும்பாலும் பிரேக்கையே தொட்டிருக்க மாட்டார். 60இல் வந்தவர் மோதுவதற்கு ஒரே ஒரு விநாடி முன்னால் பலமாக அழுத்தியிருந்தால்கூட வேகம் 35க்கு இறங்கியிருக்கும். அடியின் பலம் மூன்றில் ஒரு பங்காகியிருக்கும். எலும்பு முறிவோடு முடிந்திருக்க வேண்டியது உயிரையே பறித்துவிடுவது இந்த ஒரு விநாடியில்தான்.

குடிக்கு வருவோம். பிரிட்டனின் டிஆர்எல் போக்குவரத்து ஆய்வகம் 2008இல் இளைஞர்களை, நிஜமாக ஓட்டுவதுபோலவே இருக்கும் சிமுலேட்டர் கருவியில் உட்காரவைத்து மெசேஜ் அடிக்கச் சொன்னது. சுதாரிக்கும் நேரம் 35 சதவீதம் மோசமானது. சட்ட வரம்பு வரை குடித்தவர்களுக்கு அது 12 சதவீதம்தான். அங்கே இங்கிலாந்தில் வரம்பு 100 மில்லி ரத்தத்தில் 80 மில்லிகிராம் ஆல்கஹால். நமக்கு 30. நம் ஊரில் அப்படியே பிடித்து உள்ளே போடும் அளவு குடித்தவனைவிட இந்த 'நல்ல பையன்' மோசமாக ஓட்டுகிறார். காரணம் எளிது. குடித்தவன் ரோட்டைப் பார்க்கிறான், ஆனால் கணக்குத் தப்புகிறது. இவர் பார்ப்பதே இல்லை.

உடனே "அப்போ ரெண்டு பெக் போட்டுட்டு ஓட்டலாமா?" என்று ஒருவர் கிளம்புவார். கூடாது ஐயா. போதை வீடு போய்ச் சேரும் வரை இறங்காது. போன் போதையை இந்த நொடியே இறக்கி வைக்கலாம். அதையும் செய்யாமல் இருப்பதற்குத்தான் இவ்வளவு கோபம்.

என்னை அதிகம் எரிச்சலூட்டுவது "எனக்கு ப்ளூடூத் இருக்கே" என்ற பதில். கை ஸ்டியரிங்கில் இருந்தால் போதும் என்று இவர்களுக்கு யார் சொன்னது? 1997லேயே டொரன்டோவில், விபத்தில் சிக்கிய 699 ஓட்டுநர்களின் போன் பில்லை வைத்துப் பார்த்துவிட்டார்கள். போனில் பேசும்போது விபத்து வாய்ப்பு நான்கு மடங்கு. கையில் பிடிக்காத போனால் பாதுகாப்பு கூடியதாகத் தெரியவில்லை. 2006இல் யூட்டா பல்கலைக்கழகம் 40 பேரை ஒருமுறை குடிக்கவைத்தும் ஒருமுறை போனில் பேசவைத்தும் சிமுலேட்டரில் ஓட்டவிட்டது. பேசியபோது மூன்று பேர் முன்னால் போன காரில் மோதினார்கள். குடித்தபோது ஒருவரும் மோதவில்லை. ஹேண்ட்ஸ் ஃப்ரீயாகப் பேசியவர்களும் இதில் தேறவில்லை. கண் திறந்திருக்கும், மனசு வேறெங்கோ இருக்கும். "பார்த்தேன் சார், ஆனா வந்தது தெரியலை" என்று சொல்பவர் பொய் சொல்லவில்லை. பக்கத்து சீட்டில் இருப்பவரோடு பேசலாமே என்று கேட்பீர்கள். லாரி குறுக்கே வந்தால் அவர் தானாகப் பேச்சை நிறுத்துவார், "பார்த்து!" என்று கத்துவார். போனில் இருப்பவருக்கு அந்த லாரி தெரியாது.

வாயால் சொல்லி மெசேஜ் அனுப்புவதும், சிக்னலில் நின்று பார்ப்பதும் இதே கதைதான். குரல் கட்டளை முடிந்த பிறகும் கவனம் முழுசாகத் திரும்ப 27 விநாடி வரை ஆகலாம் என்று 2015இல் வெளியான ஒரு அமெரிக்க ஆய்வு காட்டியது. பச்சை விழுந்து நீங்கள் கிளம்பும்போது மனசு இன்னும் அந்த மெசேஜில்தான் இருக்கும். கடைசியாகக் கடக்கும் பாட்டி பம்பருக்கு முன்னால் இருப்பார்.

போலீஸ் கண்ணில் படாமல் தொடையோரம் வைத்து அடிப்பவர்களே, பார்வை இன்னும் கீழே போகிறது, அவ்வளவுதான். ஹெல்மெட்டுக்குள் போனைச் செருகுபவர்கள் அதற்கு இடம் வேண்டும் என்று வாரைப் பூட்டுவதில்லை. விழுந்தால் ஹெல்மெட் முதலில் பறக்கும். போன் நழுவினால் இடது கைதான் பாயும். ஸ்கூட்டரில் அந்தக் கைக்கு அடியில் இருப்பது பிரேக்.

மோட்டார் வாகனச் சட்டத்தில் குடித்துவிட்டு ஓட்டுவது 185ஆம் பிரிவு: முதல் முறை 10,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். கையில் போன் 184இல் அபாயகரமான ஓட்டுதலாக வருகிறது. அபராதம் 1,000 முதல் 5,000 வரைதான் என்று சிரிக்காதீர்கள். நீதிமன்றம் சிறை என்று முடிவு செய்தால் அது ஆறு மாதத்துக்குக் குறையாது, ஒரு வருடம் வரை போகும். வழி பார்க்க மட்டும் கவனம் சிதறாமல் போனைப் பயன்படுத்தலாம் என்கிறது 2020இல் வந்த விதித்திருத்தம். ஓட்டிக்கொண்டே முகவரி டைப் செய்வது அதில் சேராது.

மேப்பில் இடத்தைக் கிளம்புமுன் போடுங்கள், குரலை மட்டும் கேளுங்கள். டூவீலரில் போன் சீட்டுக்கு அடியில், காரில் பின்சீட்டுப் பைக்குள். ஐபோனில் ஃபோகஸுக்குள் டிரைவிங் இருக்கிறது. கார் ப்ளூடூத் இணைந்ததும் தானாக இயங்க வையுங்கள், 'ஓட்டிக்கொண்டிருக்கிறேன்' என்று அதுவே பதில் போடும். ஆண்ட்ராய்டில் டூ நாட் டிஸ்டர்ப். "அவசரம்னா?" என்பவர்களுக்கு: அதிலேயே திரும்ப அழைப்பவர்களை அனுமதிக்கும் வசதி உண்டு, ஒரே எண்ணிலிருந்து 15 நிமிடத்துக்குள் இரண்டாவது அழைப்பு வந்தால் மணி அடிக்கும். அடித்தால் பெட்ரோல் பங்கிலோ டீக்கடை ஓரத்திலோ நிறுத்திப் பேசுங்கள். நெடுஞ்சாலை ஓரக் கோட்டில் இருட்டில் நிறுத்தாதீர்கள், பின்னால் வருபவரும் போன் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அழைப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். எடுத்ததும் ஹாரன் சத்தம் கேட்டால் "வண்டியிலயா இருக்க?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் காரணம் சொல்லிக்கொண்டிருக்காமல் வைத்துவிடுங்கள்.